தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு, அங்கிள்

"அங்கிள், உங்க தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு. அதான் பிரச்சினையே."

சிங்கப்பூர்ல பாசிர் ரிஸ் பக்கம் ஒரு மீன் கடை. சொன்னவனுக்கு மிஞ்சிப் போனா இருபத்திரண்டு வயசு இருக்கும். தமிழ்ப் பையன்தான். ஒரு கையில வலை, இன்னொரு கையில என் போன். போன்ல நான் வீட்டுல பண்ணிப் படம் எடுத்துட்டு வந்த டெஸ்ட் ரிசல்ட். நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். பெருமையாத்தான் நீட்டினேன். அவன் உதட்டைப் பிதுக்கறான்.

எனக்கு வந்துச்சே கோபம். நான் கடல் டேங்க் வச்சிருந்த காலத்துல இவன் பாலர் பள்ளிக்குப் போயிட்டு இருந்திருப்பான்.

(அங்கிள்னு கூப்பிட்டது தனிக் கணக்கு. அதை அப்புறம் பாத்துக்கலாம்.)

2005லேருந்து 2011 வரைக்கும் எங்க பழைய வீவக வீட்டுல (அரசாங்க அடுக்குமாடி) பவளம் வளக்கற ரீஃப் டேங்க் ஒண்ணு, மூணடியில ஓடிச்சு. அன்னைக்கு ரீஃப் வச்சிருந்த எல்லாருக்கும் ஒரே வேதம்தான். நைட்ரேட் கூடாது. பாஸ்பேட் கூடவே கூடாது. மீனுக்குச் சாப்பாட்டைக் கிள்ளித்தான் போடுவோம். அழுக்கை நுரையாக்கி வெளிய தள்ள ஒரு பெரிய ஸ்கிம்மர். பாஸ்பேட்டை உறிஞ்ச துரு நிறத்துல இரும்பு ஆக்ஸைடு துகள், அதுக்குன்னு தனியா ஒரு குழாய். டெஸ்ட் பண்ணி, குப்பியில நிறமே வரலன்னா அன்னைக்கு வீட்டுல பாயசம்.

அப்புறம் மகன் பிறந்தான். டேங்க் போச்சு. (ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சுப் பாத்துக்க வேண்டிய ஜீவன் ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும்.)

இப்ப அவனுக்கு மீசை அரும்பிடுச்சு. வீடும் மாறினோம். புது வீடு தரைத்தளம். வீடு பாக்கும்போதே ஏஜென்ட்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி, "கூடத்துக்கு அடியில என்ன இருக்கு? கார் நிறுத்துற இடமா, மண்ணா?" அந்த அம்மா என்னை ஒரு மாதிரிதான் பாத்தாங்க. கொலை பண்ணிப் புதைக்கப் போறேன்னு நினைச்சிருக்கலாம்.

விஷயம் என்னன்னா, நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம் டேங்க்னா கிட்டத்தட்ட 450 லிட்டர் தண்ணி. கண்ணாடி, ஸ்டாண்ட், பாறை, மணல், கீழ சம்ப்ங்கற வடிகட்டித் தொட்டி, சம்ப்ல இருக்கற தண்ணி எல்லாம் சேத்தா முக்கால் டன் வந்துரும். வீவக வீட்டுத் தரைக்குச் சொல்ற கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ. நம்ம டேங்க் உக்கார்ற இடம் முக்கால் சதுர மீட்டர்கூட இல்ல. பழைய வீட்டுல நான் மூணடியோட நிறுத்திக்கிட்டதுக்கு இதான் காரணம். அடுக்குமாடியில பெருசா வைக்கணும்னு ஆசை இருக்கறவங்க முதல்ல ஒரு பொறியாளரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. "என் ஃப்ரெண்டு வச்சிருக்கான், ஒண்ணும் ஆகல" எல்லாம் ஒரு கணக்கா?

எங்க வீட்டுக்கு அடியில மண்ணுதான். வாங்கிட்டோம். "அத்தைக்கு முட்டி வலி, தரைத்தளம்தான் சரி, நல்லா யோசிச்சுப் பாத்திருக்கீங்க"ன்னு என் மனைவியே ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் கொடுத்தா. நான் மறுக்கல.

சரி, திரும்பி வந்தவன் கண்ணுக்கு என்னென்ன மாறியிருக்கு?

விளக்கு. அப்பல்லாம் 250 வாட் மெட்டல் ஹாலைட் பல்பு ரெண்டு தொங்கும். தண்ணியைச் சுட வைக்கும், அதைக் குளிர வைக்க சில்லர் ஓடும். இப்ப எல்லாம் எல்.இ.டி. போன்லயே சூரியோதயம், அஸ்தமனம், நிலா வெளிச்சம் வரைக்கும் வச்சுக்கலாம். அலை அடிக்கற பம்ப்புக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வருது. (நிஜமாத்தான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில என் கடல்ல அலை நின்னு போச்சு. என்னன்னு பாத்தா "அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்".) பவளத்தோட உடம்புக்குள்ள இருக்கற பாசிக்கு நீல வெளிச்சம்தான் ரொம்பப் பிடிக்கும்னு கூடமே நீலமா இருக்கு. வர்றவங்க எல்லாம் டிஸ்கோவான்னு கேக்கறாங்க.

சில்லர் மட்டும் மாறல. சிங்கப்பூர்ல கூடத்துத் தண்ணி சும்மா வச்சாலே 29, 30 டிகிரி. நமக்கு வேணும்கறது 26. கால் குதிரைத்திறன் சில்லர் தண்ணியைக் குளிர வச்சு, அந்தச் சூட்டைக் கூடத்துல கொட்டுது. கூடத்துச் சூட்டை ஏசி எடுத்து வெளிய கொட்டுது. ரெண்டுக்கும் யூனிட்டுக்கு 30 காசு வாக்குல நான் கொடுக்கறேன். கரண்ட் பில் வர்ற அன்னைக்கு நான்தான் முதல்ல போய் லெட்டர் பாக்ஸைத் திறக்கறேன். காரணம் உங்களுக்கே புரியும்.

தண்ணி. குழாய்த் தண்ணியில கிருமி சாகறதுக்குக் குளோரமைன் போடறாங்க. சும்மா குளோரின்னா ஒரு நாள் வாளியில வச்சா பறந்துரும். குளோரமைன் அப்படிப் போகாது. அதனால கார்பன், ஆர்.ஓ., அதுக்கப்புறம் ரெசின்னு மூணையும் தாண்டி வர்ற தண்ணியிலதான் உப்பு கலக்கணும். லிட்டருக்கு 38, 40 கிராம் போட்டா உப்பளவு 35 பிபிடி வரும். ஒரு பெரிய வாளி உப்பு முதல் நாளே காலி. தினமும் ஆவியாகறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிடும். அதனால குறையற அளவுக்கு நல்ல தண்ணி ஊத்த ஒரு தானியங்கி. இதெல்லாம் பழைய பாடம்தான், ஒரு வாரத்துல கைக்கு வந்துருச்சு.

கைக்கு வராதது பாறை.

இங்கதான் கதையே இருக்கு. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

அந்தக் காலத்துல லைவ் ராக்னு ஒண்ணு கடையில குவிஞ்சு கிடக்கும். கடலுக்குள்ள கிடந்த பழைய பவளப்பாறைத் துண்டு. ஈரமா, நாத்தத்தோட, கிலோ கணக்குல. பெரும்பாலும் இந்தோனேசியச் சரக்கு. உள்ள என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது. பஞ்சு மாதிரி ஏதோ முளைக்கும். ராத்திரி டார்ச் அடிச்சா நூறு காலோட புழு ஓடும். ஒரு தடவை என் பாறைக்குள்ள ஒரு மான்டிஸ் இறால் ஒளிஞ்சு வந்து, வாரக்கணக்குல 'டக்... டக்'னு சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு. நத்தை ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு. அன்னைக்கு அதை சாபம்னு நினைச்சோம்.

2017 கடைசியில ஃபிஜி, பவளமும் லைவ் ராக்கும் ஏற்றுமதி பண்றதை நிறுத்திச்சு. 2018ல இந்தோனேசியாவும் நிறுத்திச்சு. வளர்ப்புப் பவளத்துக்கு மட்டும் அங்க பிறகு கதவு திறந்துச்சு. கடல்லேருந்து பாறையை வெட்டி எடுக்கறது நல்லதில்லைங்கறதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. அதைச் சொல்ல என்னை விட உரிமை உள்ள ஊர்க்காரன் கம்மி.

நான் தூத்துக்குடி.

சின்ன வயசுல எங்க ஊர்ல வள்ளத்துல போய், கடப்பாரையால பவளத்தைப் பேத்து, கரையில குவிச்சு வச்சிருப்பாங்க. முருகைக்கல்லுன்னு சொல்லுவாங்க. சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும், கார்பைடு தயாரிக்கப் போகும், கட்டடத்துக்குப் போகும். யாரும் அதை ஒரு உயிர்னு நினைச்சதில்ல, நானும் நினைச்சதில்ல. கல்லு, அவ்வளவுதான். 2001ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பவளத்தைப் புலியோட சேத்து முதல் அட்டவணையில வச்சாங்க. அப்பவும் உடனே நின்னுடல. சுனாமிக்கு அப்புறம், 2005 வாக்குலதான் ஓய்ஞ்சுது. மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருந்ததுல பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயிடுச்சு. சுத்தி இருந்த பவளத்தை வெட்டி எடுத்ததுல அலையைத் தடுக்க ஆள் இல்ல.

எங்க தாத்தா வீட்டுச் சுவர்ல எத்தனை ஆக்ரோபோராப் பவளம் வெந்து பூசியிருக்கோ, தெரியாது. அவரு பேரன் இங்க கட்டைவிரல் அளவு ஆக்ரோபோராவுக்கு 80 வெள்ளி கொடுத்து, பையில ஆக்சிஜன் அடிச்சு, மடியில வச்சு டாக்சியில கொண்டு வர்றான்.

சரி, விட்ட இடத்துக்கு வரேன். லைவ் ராக் இல்லாததால இப்ப எல்லாரும் ட்ரை ராக். காய்ஞ்ச பாறை. தரையிலேருந்து வெட்டின பழங்காலப் பவளப்பாறை, இல்லன்னா சிமெண்ட் மாதிரி ஒண்ணுல அச்சுப் பிடிச்சது. அழகா இருக்கு. வேணும்கற வடிவத்துல ஒட்டி வளைவு, குகை, பாலம் எல்லாம் கட்டலாம். புழு இல்ல, மான்டிஸ் இல்ல, நாத்தம் இல்ல. பளிச்சுனு வெள்ளை. நானும் கட்டினேன். ரொம்ப ரசிச்சுக் கட்டினேன்னு கூடச் சொல்லலாம். பாட்டில்ல விக்கற பாக்டீரியாவை ஊத்தி, அம்மோனியா போட்டு, அது நைட்ரைட் ஆகி, நைட்ரேட் ஆகற வரைக்கும் காத்திருந்து, ஸ்கிம்மரை ஓட விட்டு, வாராவாரம் தண்ணி மாத்தி, ரெண்டு பூஜ்யத்தையும் எட்டிப் பிடிச்சேன். பாயசம் வைக்கச் சொல்லலாம்னு இருந்தப்பதான்,

வந்துச்சு சளி.

வேற வார்த்தை இல்ல. பழுப்பு நிறத்துல, கொழகொழன்னு, நூல் நூலா, நுனியில ஒரு காத்துக் குமிழி. காலையில மணல் சுத்தமா இருக்கும். விளக்கு எரிய எரிய வளரும். சாயங்காலம் பாத்தா பாறை முழுக்கத் தொங்கும். ராத்திரி மறுபடி மறைஞ்சுரும். உறிஞ்சி எடுத்தா மறுநாள் இரண்டு மடங்கு. தண்ணியை இன்னும் சுத்தம் பண்ணினா இன்னும் குஷியா வருது. நத்தைங்க தலைகீழா விழுந்து கிடக்குது.

இந்த நிலைமையிலதான் நான் போனைத் தூக்கிட்டு அந்தப் பையன்கிட்ட போனது.

"டைனோ, அங்கிள். டைனோஃபிளாஜெல்லேட். உங்க டேங்க்ல சாப்பாடே இல்ல. பாசி, பாக்டீரியா எல்லாம் பட்டினியில கிடக்குது. பட்டினியில பொழைக்கத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அது வீட்டைப் பிடிச்சுருச்சு. ஸ்கிம்மரை நிறுத்துங்க. தண்ணி மாத்தாதீங்க. நைட்ரேட் பாட்டில் ஒண்ணு, பாஸ்பேட் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டுப் போய் ஊத்துங்க."

காதுல சரியாத்தான் விழுந்துச்சா? நைட்ரேட்டைக் காசு கொடுத்து வாங்கி ஊத்தணுமாம்! எந்தச் சனியனை விரட்ட நான் ஆறு வருஷம் மாஞ்சேனோ, அது இப்ப அழகான லேபிளோட அலமாரியில நிக்குது. விலையைப் பாத்தேன். விரட்டினதுக்கு ஆன செலவை விட ஜாஸ்தி.

வாங்காம வந்துட்டேன். ரோஷம்.

வீட்டுக்கு வந்து மகனோட பழைய ஸ்கூல் மைக்ராஸ்கோப்பை எடுத்து ஒரு சொட்டு சளியை வச்சுப் பாத்தோம். இதை மட்டும் டைனோ வந்தவங்க கண்டிப்பாப் பண்ணுங்க. மலிவு மைக்ராஸ்கோப் போதும், ஏன்னா எல்லா டைனோவும் ஒண்ணு இல்ல. கண்ணீர்த்துளி வடிவத்துல, ஒரு நுனியை யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி நின்ன இடத்துலயே சுத்துச்சுன்னா அது ஆஸ்ட்ரியாப்சிஸ். ராத்திரியில பாறையை விட்டுட்டுத் தண்ணிக்குள்ள கிளம்பிப் போற ஜாதி. அதனால புற ஊதா விளக்கு வழியாத் தண்ணியை ஓட விட்டா மாட்டிக்கும். நத்தையைக் கொல்ற விஷமும் அதுக்கு உண்டு. முட்டை வடிவத்துல ஒரு சின்ன மூக்கோட வழுக்கிட்டே போச்சுன்னா ஆம்ஃபிடினியம். அது மணலை விட்டு நகராது, புற ஊதா விளக்கு வாங்கினா காசுதான் தண்டம். அதுக்கு சிலிகேட் போட்டு, டயட்டம்ங்கற வேற பாசியை வளத்து விட்டு, ரெண்டையும் மோத விடறாங்க.

எங்க வீட்டுக்கு வந்தது சுத்தற ரகம். மகன் அரை மணி நேரம் மைக்ராஸ்கோப்பை விட்டு எந்திரிக்கல. (போனை விட்டு அவனை எழுப்பின ஒரே கிருமி.)

இதுல இன்னொரு கூத்து. பவளத்துக்குள்ள உக்காந்து, வெளிச்சத்துல சர்க்கரை செஞ்சு அதுக்குச் சோறு போடற பாசி இருக்கே, அதுவும் டைனோஃபிளாஜெல்லேட்தான். ஒரே குடும்பம். ஒருத்தன் வீட்டுக்குள்ள இருந்து சம்பாதிச்சுக் கொடுக்கறான், பங்காளி வெளிய நின்னு கல்லெறியறான்.

அப்ப எங்க காலத்துல பூஜ்யம் வச்சும் ஏன் இது வரல? ரெண்டு மூணு ராத்திரி இதையே யோசிச்சேன். பழைய டெஸ்ட் கிட் ஒண்ணு பரணையில இருந்துச்சு. அட்டையில நிறத்தோட நிறம் வச்சுப் பாக்கற ரகம். புதுசா ஒரு ஹன்னா மீட்டர் வாங்கியிருந்தேன், அது பாஸ்பரஸை நூறு கோடியில ஒரு பங்கு அளவுல எண்ணிச் சொல்லும். அப்பதான் உறைச்சுது. பழைய கிட் 'பூஜ்யம்'னா, என் கண்ணுக்குத் தெரியலைன்னு அர்த்தம். உண்மையான பூஜ்யத்தை நாங்க பாத்ததே இல்ல. கிள்ளிப் போட்டாலும் மீன் தின்னுச்சு, கழிச்சுது, பாறைக்குள்ள இருந்த கோடி ஜீவனும் அதைத் தின்னு ஓடிச்சு. இப்ப இருக்கற ஸ்கிம்மரும் காய்ஞ்ச பாறையும் நிஜமாவே பூஜ்யத்துக்குக் கொண்டு போயிடுது. கிடைக்கற கொஞ்ச நஞ்ச பாஸ்பேட்டையும் அந்த வெள்ளைப் பாறையே இழுத்து வச்சுக்குது, சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தக் குணம் உண்டு.

அதாவது வேதம் அப்படியேதான் இருக்கு, அதை உண்மையிலேயே கடைப்பிடிக்கற கருவி இப்பதான் வந்திருக்கு. வந்தவுடனே குடி கெட்டுச்சு.

மறுநாள் போய் ரெண்டு பாட்டிலும் வாங்கினேன். பையன் ஒண்ணும் சொல்லல. பில் போட்டுட்டு, கடைக்குப் பின்னால போய் அவங்க பெரிய சம்ப் அடியிலேருந்து ஒரு டப்பா சேறு அள்ளிட்டு வந்து "இது ஃப்ரீ" ன்னான். கறுப்பா, முட்டை அழுகின வாடை. உள்ள எள்ளு சைஸ்ல என்னென்னவோ துள்ளுது.

அதோட செராங்கூன் நார்த்ல ஒரு சீனப் பெரியவர், ரொம்ப வருஷமா ஓடற டேங்கைக் கலைக்கறார்னு தெரிஞ்சுது. போனேன். பாறையெல்லாம் ஊதாப் பூச்சு, இடுக்குல பஞ்சு, புழு. பழைய நாத்தம்! எனக்குக் கண்ணு கலங்காத குறை. ரெண்டு கையளவு பாறையை ஈர நியூஸ்பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். காசு வேண்டாம்னுட்டார். தீபாவளி சமயம், முறுக்கு டின் ஒண்ணு கொடுத்தேன், வாங்கிக்கிட்டார்.

இதைப் பக்கத்து வீட்டுல உறை மோர் வாங்கற மாதிரின்னு வச்சுக்கோங்க. காய்ச்சின பால் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் தானா தயிர் ஆகாது, ஒரு ஸ்பூன் பழசு உள்ள விழணும். நல்ல உறையான்னு பாத்து வாங்கணும்ங்கறதும் உண்மைதான். ஈரப் பாறையோட வெள்ளைப்புள்ளி நோய் வரலாம், கொட்டற அனிமோன் ஐப்டேசியா வரலாம். வெள்ளைப்புள்ளிக் கிருமிக்கு மீன் இல்லாட்டி பொழப்பு கிடையாது. இந்தப் பொழுதுபோக்குல இருக்கறவங்க 76 நாள் மீனே இல்லாம விடணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. என் டேங்க்ல அப்ப மீனே விடலங்கறதால நேரா உள்ள போட்டுட்டு, அவ்வளவு நாளும் வெறும் பாறையைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். வந்த சொந்தக்காரங்க எல்லாம் "மீன் எங்க?"ன்னாங்க. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது.

சளி ஒரே நாள்ல போகல. நைட்ரேட் 5, 10ன்னு ஏறி, பாஸ்பேட் 0.05க்கு மேல நிக்க ஆரம்பிச்சு, புற ஊதா விளக்கும் ஓடி, மெல்ல மெல்ல நூல் குறைஞ்சுது. அந்த இடத்துல பச்சைப் பாசி வந்துச்சு. பாசி வந்ததுக்கு சந்தோஷப்பட்ட முதல் மனுஷன் நான்தான். கண்ணாடியில எள்ளு மாதிரி கோபிபாட்ங்கற குட்டி ஜீவன் ஊற ஆரம்பிச்சப்ப மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் மீன். முதல்ல ஒரு ஜோடி கோமாளி மீன், பண்ணையில பொரிச்சது. (பிறக்கும்போது எல்லாமே ஆண். கூட்டத்துல பெருசு எதுவோ அது பெண்ணா மாறிடும், அதுதான் வீட்டு அதிகாரம். என் மனைவிக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிச்சுப் போச்சு.) மஞ்சள் டேங் வாங்கலாம்னு விலை கேட்டேன், தலை சுத்திச்சு. எங்க காலத்துல அது சாதாரண மீன். 2021லேருந்து ஹவாய்ல பிடிக்க முடியாமப் போச்சு. 2015லதான் அங்க முதல்முறையா அதை வளர்ப்பிடத்துல பொரிச்சு ஆளாக்கினாங்க, இப்ப அந்த வளர்ப்பு மீனும் கடைக்கு வருது. வரட்டும், விலை இறங்கற வரைக்கும் நான் காத்திருக்கேன்.

பாசி தின்ன ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ் வாங்கி விட்டேன். மஞ்சள் உடம்பு, கறுப்பு வெள்ளை மூஞ்சி. ஊருக்கு வீடியோ கால்ல அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் பாத்தாங்க.

"ஏய்யா, இது ஓரால்லா?"

ஆமா, ஓரா ஜாதிதான்.

"குழம்புக்கு நல்லாருக்குமே. முதுகு முள்ளு குத்திராமப் பாத்துக்கோ, கடுகடுன்னு கடுக்கும்."

நான் எத்தனையோ பக்கம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இது. அந்த முள்ளுல விஷம் இருக்கு, கையால பிடிக்கக் கூடாது. எங்க அம்மா மார்க்கெட்லயே படிச்சு முடிச்சுட்டாங்க. என்ன விலைன்னு கேட்டாங்க. நெட்வொர்க் சரியில்லம்மான்னு சொல்லிட்டேன்.

இப்ப பவளம். வாங்கறதெல்லாம் ஃப்ராக்தான், அதாவது வளர்ந்த பவளத்துலேருந்து ஒடிச்சு, ஒரு குட்டிப் பீங்கான் ஆணியில ஒட்டின துண்டு. இதுல ஒரு நல்ல விஷயம், ஒருத்தர் வீட்டுல வளர்ந்தது இன்னொருத்தர் வீட்டுக்குப் போகுது, கடலைத் தொட வேண்டியதில்ல. ஒரு கெட்ட விஷயம், பேர் வைக்கறாங்க. 'டிராகன் சோல்', 'ஹோலி கிரெயில்', 'வால்ட் டிஸ்னி'. பேர் இல்லாத டார்ச் பவளம் ஒரு விலை, அதே டார்ச்சுக்குப் பேர் வச்சா மூணு மடங்கு. நீல விளக்குல எல்லாமே ஜொலிக்கும். கடையில வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பாத்துட்டு வாங்குங்க. போட மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போங்க.

இன்னொண்ணு விளையாட்டு இல்ல. சோவாந்திட், பாலித்தோவான்னு பூப்பூவா ஒரு வகை இருக்கு. புதுசா வர்றவங்க முதல்ல வாங்கறதே அதைத்தான். அதுல சில வகையில பாலிடாக்சின்னு ஒரு கடுமையான விஷம் இருக்கு. கையுறை இல்லாம வெட்டாதீங்க, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்க. அது ஒட்டின பாறையைச் சுத்தம் பண்றேன்னு கொதிதண்ணியில போட்டா ஆவியோட விஷம் வீடு முழுக்கப் பரவும். இப்படிப் பண்ணிக் குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க வெளிநாட்டுல உண்டு.

ஆக்ரோபோரா இப்பதான் அடியில தட்டையாப் படர ஆரம்பிச்சிருக்கு. அது எலும்புக்கூடு கட்ட கால்சியம் 420, ஆல்கலினிட்டி 8, மக்னீசியம் 1300 வாக்குல இருக்கணும். ஆல்கலினிட்டி ஒரே நாள்ல எகிறினா நுனி வெந்துரும். இதுக்கும் ஒரு மெஷின் இருக்கு, தானே டெஸ்ட் பண்ணித் தானே ஊத்தும். நான் வாங்கல. சாயங்காலம் குப்பியைக் குலுக்கி நிறம் மாறறதைப் பாக்கறதுதான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கே, அதையும் மெஷின்கிட்ட கொடுத்துட்டு நான் என்ன பண்றது?

சிங்கப்பூர்க் கடல்லயே 250 வகை வாக்குல கல்பவளம் இருக்குன்னு நிறையப் பேருக்குத் தெரியாது. கப்பல் போற கலங்கல் தண்ணிக்கு அடியில. 2024ல கடல் சூடாகி அதுல நிறைய வெளுத்துச்சு. என் கூடத்துல இருக்கற துண்டுக்கு சில்லர் இருக்கு, அதுக்கு இல்ல. அதே வருஷம் டிசம்பர்ல ஒரு லட்சம் பவளம் நடற திட்டத்தை தேசியப் பூங்காக் கழகம் தொடங்கினாங்க. என் டேங்க்ல பவளம் ஒட்டற வேலையைத்தான் அவங்க கடலுக்கடியில, கண்ணே தெரியாத தண்ணியில பண்றாங்கன்னு நினைச்சா மரியாதை வருது.

புதுசா ஆரம்பிக்கறவங்க கேட்டா நான் சொல்றது இதான். விளக்குலயும் பம்ப்புலயும் ஒரு படி கீழ இறங்குங்க, ஒண்ணும் குடி முழுகாது. அந்தக் காசுல கால்வாசிக்காவது நல்லா ஓடற டேங்க்லேருந்து ஈரப் பாறையைத் தேடிப் பிடிங்க. டெஸ்ட்ல பூஜ்யம் வந்தா பயப்படுங்க.

பழைய ரீஃப் டேங்கைக் கலைக்கப் போறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். பாறையை வெயில்ல போடாதீங்க. ப்ளீச்ல ஊற வைக்காதீங்க. கொதிக்க வைக்கறது வேண்டவே வேண்டாம், காரணம் மேல சொல்லிட்டேன். டேங்க் தண்ணியில நனைச்ச நியூஸ்பேப்பர்ல சுத்தி, மூடி போட்ட டப்பாவுல வச்சு, புதுசா ஆரம்பிக்கற யாருக்காவது அன்னைக்கே கொடுத்துருங்க. ஆள் கிடைக்கலேன்னா நான் இருக்கேன், பஸ் பிடிச்சு வந்து வாங்கிக்கறேன். சம்ப்ல சேறு இருந்தா அதையும் கொட்டிராதீங்க.